கார் வராத ஆற்றங்கரை, கால்வாய்க்கரை சரளைப் பாதைகள்: எந்த டயர், எந்தப் பாதை?

கரைவழி எழுதியது:

வணக்கம். தார்ச்சாலையில் சைக்கிள் ஓட்டும் ஆசை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போகிறது. பின்னால் வரும் வண்டிச் சத்தத்துக்கே காதைக் கொடுத்துக்கொண்டு ஓட்டினால் சுற்றி என்ன இருக்கிறது என்று எங்கே பார்ப்பது? அதனால் கிராமப்புறத்தில் ஆறு அல்லது கால்வாய் ஓரமாகவே, கார் நுழையாத சரளைப் பாதையில் மூன்று நாள் பயணம் போகலாம் என்று நினைக்கிறேன். நாளுக்கு 60, 70 கிலோமீட்டர், பின் கேரியரில் இரண்டு பை. என்னிடம் இருப்பது 32 மி.மீ. டயர் போட்ட சாதாரண ஹைப்ரிட் சைக்கிள், ஃபிரேமில் 40 வரை இடம் இருக்கிறது. இதுவே போதுமா, இல்லை சரளைக்கென்றே செய்த கிராவல் சைக்கிள்தான் வாங்க வேண்டுமா? ஆறு நல்லதா, கால்வாய் நல்லதா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

சீலன்ட் எழுதியது:

புது சைக்கிள் வேண்டாம், டயரை மட்டும் மாற்றுங்கள். 40 போட இடம் இருந்தால் 40, ஆனால் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஐந்தாறு மில்லிமீட்டராவது விட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஈரமான களிமண் அந்த இடைவெளியில்தான் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாமல் செய்யும். அது போதாது என்றால் 38 போடுங்கள். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் சிறு பொத்தான்களும் உள்ள டயர் இந்தப் பாதைகளுக்குச் சரியாக இருக்கும், பெரிய பொத்தான் டயர் தேவையே இல்லை.

டயர் அகலத்தைவிட அதிகம் கவனிக்க வேண்டியது காற்று. தார்ச்சாலைக்கு அடிப்பது போல் கல்லாக அடித்தால் ஒவ்வொரு கூழாங்கல்லும் கையில் வந்து அடிக்கும், மாலைக்குள் விரல் மரத்துவிடும். 70 கிலோ எடையுள்ளவர் டியூப் போட்ட 40 மி.மீ. டயரில் 40 பிஎஸ்ஐ அளவில் ஆரம்பித்து, முன் சக்கரத்தில் கொஞ்சம் குறைத்து, பின்னால் பை ஏற்றினால் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். மிகவும் குறைத்தால் கல்லில் ஏறும்போது டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ் செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள், கரையோர முட்செடி வேலியை வெட்டிவிட்ட நாட்களில் பாதை முழுக்க முள்தான், சின்ன ஓட்டைகளை டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் தானாக அடைத்துவிடும்.

பழைய_படகுவழி எழுதியது:

முதல் பயணம் என்றால் கால்வாய்தான். காரணம் தெரிந்துகொண்டால் பாதையைத் தேர்வு செய்வதும் சுலபம். படகு போக வேண்டுமானால் தண்ணீர் சமமாக நிற்க வேண்டும், அதனால் கால்வாயை வெட்டியவர்கள் மேடு பள்ளம் பார்த்து வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள், ஏற வேண்டிய இடத்தில் மட்டும் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகைத் தூக்கி இறக்கும் லாக் என்ற தொட்டி கட்டினார்கள். இன்ஜின் வருவதற்கு முன் அந்தப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் நடந்த பாதைதான் இன்று நாம் ஓட்டுவது. அமெரிக்காவின் செசபீக் ஓஹையோ கால்வாய்ப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள், கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை 297 கிலோமீட்டர், 74 லாக், ஆனால் மொத்த உயர வித்தியாசம் சுமார் 184 மீட்டர்தான்! 1924 வெள்ளத்துக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நின்றது, 1971-இல் அதைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கினார்கள்.

ஆனால் கால்வாய் என்பதாலேயே தரை நன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இதே பாதை கம்பர்லாந்தில் கிரேட் அலெகெனி பாஸேஜ் என்ற இன்னொரு பாதையோடு சேர்கிறது. அது பழைய ரயில் தடத்தின் மேல் பொடித்த சுண்ணாம்புக்கல் கொட்டி இறுக்கியது, பிட்ஸ்பர்க் வரை 240 கிலோமீட்டர், மழை நின்றதும் தண்ணீர் வடிந்துவிடும். கால்வாய்ப் பக்கம் பல இடத்தில் வெறும் மண், மழைக்குப் பிறகு குட்டை நாள்கணக்கில் நிற்கும். பிரான்சின் கனால் டு மிடி (Canal du Midi) கால்வாயும் அப்படித்தான். 1681-இல் திறந்தது, துலூஸிலிருந்து 240 கிலோமீட்டர், முதல் 50 கிலோமீட்டர் போல வழவழப்பான பாதை, அதன் பிறகு பல இடங்களில் பிளேன் என்ற நிழல் மரத்தின் வேர்கள் குறுக்கே புடைத்த ஒற்றையடிப் பாதை. அங்கே 32 மி.மீ. டயரில் உடம்பு வலிக்கும். அந்த மரங்களும் பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுவிட்டன, நிழலை நம்பிப் போக முடியாது.

ஆற்றுக்கு வந்தால், பாறை தண்ணீர் வரை இறங்கும் இடத்தில் பாதை மேலே ஏறியாக வேண்டும், இல்லையென்றால் கார் ஓடும் சாலையில் போய்ச் சேரும். கரை மாறும், ஒரு பாலத்தைத் தவறவிட்டால் அடுத்த பாலம் எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு வண்டலும் விழுந்த மரமும் கிடக்கும். இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன், அழகு என்று பார்த்தால் எனக்கு ஆறுதான். வளைவுக்கு வளைவு வேறு தண்ணீர், வேறு வெளிச்சம், வேறு பறவை.

எதிர்காற்று எழுதியது:

எல்லோரும் பாதையைப் பற்றியே சொல்கிறார்கள், உடம்பைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். சமதளம் சுலபம் என்று நினைக்கிறோம், ஆனால் மேட்டில் ஏறினால் இறக்கத்தில் காலுக்கு ஓய்வு கிடைக்கும், இங்கே நாள் முழுக்க மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதே தசை, சீட்டில் அதே இடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள், கியரை மாற்றி மாற்றிப் போடுங்கள். பையோடு சரளையில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் போதும், நிற்கும் நேரம் தனி. காற்றுத் திசையையும் பாருங்கள், திறந்த கரைமேட்டில் எதிர்காற்று மலையேற்றத்தைவிட மோசம், எந்த முனையில் தொடங்குவது என்பதைக் காற்றை வைத்து முடிவு செய்யலாம்.

அப்புறம், நடப்பவர்களுக்குத்தான் அங்கே முதல் இடம். தூண்டில்காரர்களின் கம்பு பாதைக்குக் குறுக்கே நீட்டியிருக்கும், தூரத்திலேயே பெல் அடித்து, வேகம் குறைத்து, ஒரு வார்த்தை பேசிக் கடந்து போங்கள். பாலத்தடியில் பாதை குறுகும், எதிரே வருபவர் தெரியாது, வளைவுக் கூரை தலையில் இடிக்கும், ஒரு பக்கம் தண்ணீர் வேறு. இறங்கித் தள்ளுவதில் ஒன்றும் குறைந்துவிடாது. பழைய_படகுவழி சொன்ன அமெரிக்கக் கால்வாயில் பா பா (Paw Paw) சுரங்கம் என்று ஒன்று இருக்கிறது, சுமார் 950 மீட்டர், உள்ளே விளக்கு கிடையாது, அதெல்லாம் டார்ச் வைத்துக்கொண்டு நடந்து கடக்க வேண்டிய இடம்.

கரைவழி எழுதியது:

மிக்க நன்றி, 40 டயரும் கால்வாயும் முடிவாகிவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மேப்பில் எல்லாமே ஒரே கோடாகத் தெரிகிறது, அது இறுகிய சரளையா, சேறா என்று வீட்டிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய_படகுவழி எழுதியது:

பொதுமக்களே சேர்ந்து வரையும் இணைய மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தால் தரை வகையும், மண்பாதைகளுக்கு 1 முதல் 5 வரை ஒரு தரமும் பல இடங்களில் குறித்திருப்பார்கள். 1 என்றால் கெட்டி, 5 என்றால் வெறும் மண்ணும் புல்லும். உங்கள் 40 டயருக்கு 3 வரை கவலை இல்லை, 4, 5 வந்தால் மழைக்குப் பிறகு தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். அடுத்து செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் ஒரே சீரான கோடு தெரிந்தால் நல்ல சரளை, இரண்டு கோடும் நடுவில் பச்சையும் தெரிந்தால் பராமரிப்பு வண்டி போகும் தடம், ஓட்டலாம். மரத்துக்கு அடியில் கோடு மறைந்துவிட்டால் அந்த இடத்தில் மற்றவர்கள் போட்ட புகைப்படம் இருக்கிறதா என்று தேடுங்கள். கரையோரத் தடம் எல்லாவற்றிலும் சைக்கிளுக்கு அனுமதி இருக்காது, அதையும் அந்த மேப்பிலேயே பார்க்கலாம். கால்வாயை நிர்வகிப்பவர்களின் அறிவிப்பையும் கிளம்புமுன் பாருங்கள், பராமரிப்புக்காகப் பாதையை மூடும் பருவம் உண்டு.

எதிர்காற்று எழுதியது:

குடிதண்ணீர் நிரம்ப எடுத்துக்கொள்ளுங்கள். கால்வாய்த் தண்ணீரில் வயலிலிருந்து வடியும் உரமும் பூச்சிமருந்தும் கலந்திருக்கலாம், கையடக்க வடிகட்டிகளில் பல அதை எடுக்காது. வழியில் உள்ள பாலங்களையெல்லாம் மேப்பில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர், உதவி, திரும்பும் வழி எது வேண்டுமானாலும் பெரும்பாலும் அங்கேதான் கரையை விட்டு வெளியே போக முடியும்.