ஐபாடில் மாட்டிக்கொண்ட கூத்துப் பதிவுகள்: ஐட்யூன்ஸ் இல்லாமல் வெளியே எடுக்க வழி உண்டா?

குடியாத்தம்_கைலி:

வணக்கம். குடியாத்தத்தில் கைலி வியாபாரம். கம்ப்யூட்டர் ஞானம் கணக்கு எழுதுகிற அளவுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

என்னிடம் 160 ஜிபி ஐபாட் கிளாசிக் இருக்கிறது. 2009 கடைசியில் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அதில் உள்ள சினிமாப் பாட்டெல்லாம் போனாலும் கவலையில்லை. அப்பா கூத்து ஜமாவில் ஆர்மோனியம் வாசித்தவர். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்தம் என்றால் பகலில் பாரதம், ராத்திரி கூத்து. 2010-ல் பத்து ராத்திரியும் ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சின்ன ரெக்கார்டர் ஒன்றை வைத்து வேவ் ஃபைலாகப் பதிந்தேன். ஐபாடில் பாட்டு ஏற்றுகிற ஆப்பிள் சாஃப்ட்வேரான ஐட்யூன்ஸில் உட்கார்ந்து ‘வில் வளைப்பு’, ‘அர்ச்சுனன் தபசு’, ‘கர்ண மோட்சம்’ என்று ஒவ்வொன்றுக்கும் நானே பெயர் அடித்து ஐபாடில் ஏற்றினேன்.

பழைய கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுத்தேன். கேட்காமலே ஃபார்மட் அடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். இப்போது புது லேப்டாப்பில் ஐட்யூன்ஸ் போட்டு ஐபாடைச் செருகினால், இது வேறு லைப்ரரியோடு சேர்ந்தது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு சிங்க் செய்யவா என்று கேட்கிறது. எனக்கு பக்கென்றது. கேன்சல் அமுக்கிவிட்டு ஒயரைப் பிடுங்கினேன். வேறு சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கிறதா?

காட்பாடி_ஜங்ஷன்:

நல்லவேளை கேன்சல் அமுக்கினீர்கள் அண்ணே. முதலில் ஐட்யூன்ஸைத் தூக்கிவிடுங்கள். அது இல்லாவிட்டாலும் ஐபாட் ஒரு பென்டிரைவ் மாதிரி விண்டோஸில் தெரியும். மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டு என்று வைத்தால் ‘ஐபாட்_கன்ட்ரோல்’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘மியூசிக்’, அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக இருக்கும். மொத்தமாகக் காப்பி அடியுங்கள். தனி சாஃப்ட்வேரே தேவையில்லை.

குடியாத்தம்_கைலி:

தம்பி, காப்பி ஆகிவிட்டது, ரொம்ப நன்றி. ஆனால் எல்லா ஃபைலுக்கும் நாலெழுத்தில் கன்னாபின்னா பெயர். சினிமாப் பாட்டைத் திறந்தால் பாட்டின் பெயர் வருகிறது, கூத்து ஃபைலைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. மொத்தம் 63 இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், 600 எம்பி. எது எந்த ராத்திரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாலாற்று_மணல்:

ஐயா, எம்பி3 ஃபைலில் பாட்டின் பெயர் ஃபைலுக்குள்ளேயே டேக்காக ஒட்டியிருக்கும், எங்கே போனாலும் கூடவே வரும். வேவ் அப்படியல்ல. நீங்கள் அடித்த பெயரெல்லாம் ஐபாடில் ‘ஐட்யூன்ஸ்டிபி’ என்ற ஒரே ஒரு ஃபைலில்தான் உட்கார்ந்திருக்கிறது. பேரேடு ஒரு பக்கம், சரக்கு ஒரு பக்கம். நீங்கள் சரக்கை மட்டும் ஏற்றிவந்திருக்கிறீர்கள்.

அந்தப் பேரேட்டைப் படிக்கத் தெரிந்த சாஃப்ட்வேர் வேண்டும். லினக்ஸில் ஜிடிகேபாட் அதைச் செய்யும். பழசுதான், புதுப் பதிப்பு வந்து பல வருடம் ஆகிறது, ஆனால் இந்த வேலைக்குக் கெட்டி. ஐபாடைத் திறந்து, கூத்து ஃபைல்களை மட்டும் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் கொடுங்கள். ஃபைல் பெயர் எந்த வடிவில் வரவேண்டும் என்று செட்டிங்கில் சொல்லலாம், நீங்கள் அடித்த தலைப்பிலேயே வெளியே வரும். வீட்டில் யாருக்காவது பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் இருந்தால் பாருங்கள், அதில் லினக்ஸ் இருக்க வாய்ப்புண்டு. ஒன்று மட்டும்: எக்ஸ்போர்ட் முடிகிறவரை ஐபாடில் எதையும் புதிதாக ஏற்றாதீர்கள்.

காட்பாடி_ஜங்ஷன்:

இதை நான் யோசிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் எம்பி3தான். 😅

பாலாற்று_மணல்:

அப்புறம் இன்னொன்று. எல்லாம் பத்திரமாக வெளியே வந்து, இரண்டு இடத்தில் வைத்த பிறகு ஐபாடில் ராக்பாக்ஸ் போட்டுப் பாருங்கள், அது ஐபாடின் சொந்த சாஃப்ட்வேருக்குப் பதிலாக ஓடுகிற இலவச சாஃப்ட்வேர். ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் பாடும், எந்த சிங்க்கும் வேண்டாம். வேவ் ஃபைலை ஃபிளாக்காக மாற்றினால் தரம் குறையாமல் இடம் மிச்சமாகும், ராக்பாக்ஸ் அதையும் வாசிக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் அந்த இடத்திலேயே அடையாளம் வைத்துக்கொள்ளும். விடிய விடிய ஆடுகிற கூத்துக்கு அது ரொம்ப உபயோகம். விண்டோஸை விட்டு வரமாட்டேன் என்றால் ஐட்யூன்ஸுக்குப் பதிலாக மீடியாமங்கி என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது, ஐபாட் கிளாசிக்கோடு ஒத்துப்போகும். எனக்கு அதன் முகமே பிடிக்காது, அது வேறு விஷயம்.

குடியாத்தம்_கைலி:

மகளுடைய பிளஸ் டூ லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்கினேன். பேட்டரி செத்துக் கிடந்தது, சார்ஜரோடுதான் ஓடியது. லினக்ஸும் ஜிடிகேபாடும் மகள்தான் போட்டுக் கொடுத்தாள். 63-இல் 62 ஃபைல் பெயரோடு வந்துவிட்டது. ஐபாடின் ஹார்ட்டிஸ்க் கிர் கிர் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்ததில் எனக்குத்தான் வியர்த்தது.

மிச்சம் இருந்த ஒன்றுக்கு நான் பெயரே அடிக்கவில்லை போலிருக்கிறது, ‘ட்ராக் 04’ என்றே இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கட்டியங்காரன் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்: “இது நம்ம ஊர்ல ஆடுனது இல்லடா, சோளிங்கர் பக்கம். பொட்டியில ஒரு கட்டை சிக்கிக்கிட்டு இருந்துச்சு, கேளு.”

ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். சிக்குகிறது.