நியூ ஹாம்ப்ஷயர் 2008: திங்கட்கிழமை போன் போட்டார்களா, இல்லையா?

கணக்குப்பிள்ளை
வேறொரு இழையில் பனங்காட்டான் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன்: "2008 நியூ ஹாம்ப்ஷயர் ஜனநாயகக் கட்சி பிரைமரியில், அதாவது அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், கருத்துக்கணிப்புகள் தோற்கவே இல்லை. எல்லா நிறுவனமும் ஞாயிற்றுக்கிழமையோடு கடையைக் கட்டிவிட்டது. திங்கள் காலை ஹிலரி கண்கலங்கினார். செவ்வாய்க்கிழமை பெண்கள் திரண்டு வந்து போட்டார்கள். கணிப்பு எடுத்தவர்கள் என்ன செய்வார்கள் பாவம்?"

இதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. ஒருவராவது தேதியைப் பார்த்தீர்களா?

வாக்குப்பதிவு 2008 ஜனவரி 8, செவ்வாய். ஸாக்பி நிறுவனம் 5 முதல் 7 வரை கணிப்பு எடுத்தது: ஒபாமா 42, ஹிலரி 29. ராஸ்முசனும் 7 வரை: 37–30. சஃபோக் பல்கலைக்கழகம் 6, 7: 39–34. அமெரிக்கன் ரிசர்ச் குரூப் அதே 6, 7: 40–31. ஏழாம் தேதி என்ன கிழமை? திங்கள். நான்கிலும் ஒபாமா முன்னால். பெட்டியைத் திறந்தால் ஹிலரி 39, ஒபாமா 36 சொச்சம். ஞாயிற்றுக்கிழமை கடையைக் கட்டிய கதை எங்கிருந்து வந்தது?

பனங்காட்டான்
ஐயா வந்துவிட்டார். நான் சொன்னது கேலப்பையும் சிஎன்என் கணிப்பையும். கேலப் 4 முதல் 6 வரை, ஒபாமா 41, ஹிலரி 28. சிஎன்என்னுக்காக நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் எடுத்தது 5, 6. 39–30. இரண்டும் ஞாயிறோடு முடிந்தவை. டிவியில் ராத்திரி பகலாக ஓடிய எண்கள் இவைதான். உங்கள் சஃபோக்கை அன்று யார் சீண்டினார்கள்?

கணக்குப்பிள்ளை
தம்பி, நீங்கள் எழுதியது "எல்லா நிறுவனமும்". இப்போது இரண்டாகிவிட்டது. நாளைக்கு ஒன்றாகிவிடும். திங்கட்கிழமை போன் போட்டார்களா, இல்லையா? ஒரே பதில் போதும்.

பனங்காட்டான்
முதலில், நான் உங்களுக்குத் தம்பி இல்லை. அப்புறம், ஸாக்பி எடுத்தது மூன்று நாள் நகரும் சராசரி. சனிக்கிழமை பேசியவர்களையும் திங்கட்கிழமை பேசியவர்களையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் திங்கட்கிழமை எங்கே தெரியும்? அந்த ஜான் ஸாக்பியே தேர்தலுக்குப் பிறகு சொன்னார்: ஞாயிறு இரவும் திங்களும் பேசியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் வெறும் 2 புள்ளி. அதாவது கண்ணீர் வேலை செய்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை
அருமை. தேர்தலுக்குப் பிறகு சொன்னார். முன்னால் சொன்னது 13 புள்ளி. பின்னால் சொல்வதற்கு என் பக்கத்து வீட்டுக்காரரே போதும், அதற்கு ஒரு நிறுவனம் எதற்கு?

அதுவும் போகட்டும். திங்கள் காலை சிந்திய கண்ணீர் ஞாயிறு இரவுக்கு எப்படிப் போனது? சஃபோக்கும் அமெரிக்கன் ரிசர்ச்சும் சனிக்கிழமையைத் தொடவே இல்லை. ஞாயிறு, திங்கள் மட்டும். ஒன்றில் ஒபாமாவுக்கு 5 புள்ளி, இன்னொன்றில் 9. உங்கள் கலவைக் கதை அங்கே செல்லாது.

நாஷுவாக்காரன்
கண்ணீர் சிந்தவில்லை ஐயா. கண்கள் பனித்தன, குரல் தழுதழுத்தது, அவ்வளவுதான். ஒரு சொட்டுகூடக் கன்னத்தில் இறங்கவில்லை. போர்ட்ஸ்மவுத்தில் ஒரு காபிக் கடை. இன்னும் முடிவெடுக்காத சிலரை, பெரும்பாலும் பெண்களை, உட்காரவைத்துப் பேசினார். இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஒரு பெண்மணி கேட்டதில்தான் அது நடந்தது. நான் அப்போது இந்த மாநிலத்தில்தான் இருந்தேன்.

கணக்குப்பிள்ளை
அந்தக் காபிக் கடையில் இருந்தீர்களா?

நாஷுவாக்காரன்
இல்லை. அன்று எனக்கு வேலை நாள்.

கணக்குப்பிள்ளை
அப்புறம் நீங்களும் என்னைப் போல டிவியில் பார்த்தவர்தான். ஆனாலும் நல்ல விஷயத்தை எடுத்துக் கொடுத்தீர்கள். கேள்வி கேட்ட அந்தப் பெண்மணி யாருக்குப் போட்டார் தெரியுமா? ஒபாமாவுக்கு. அவரே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். நேர் எதிரே உட்கார்ந்து பார்த்தவரையே அந்தக் கண்ணீர் அசைக்கவில்லை, மாநிலத்தையே புரட்டிப் போட்டதாம்.

மின்மினி
ஒருவர் எப்படிப் போட்டார் என்பதை வைத்து முடிவுக்கு வருகிறீர்களே சார், கணக்குப்பிள்ளை என்று பெயர் வேறு. பெண்கள் வாக்கைப் பாருங்கள். ஐந்து நாள் முன்னால், முதலாவதாகத் தேர்தல் நடந்த அயோவா மாநிலத்தில் பெண்களிடம் ஒபாமாதான் முன்னால், 35–30. நியூ ஹாம்ப்ஷயரில் வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில் ஹிலரி 46, ஒபாமா 34. இது சும்மா நடக்குமா? சனிக்கிழமை விவாதத்தில் "நீங்களும் ஓரளவு பிடிக்கும்படிதான் இருக்கிறீர்கள்" என்கிற மாதிரி ஒபாமா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னதை என் அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை
அக்காவுக்கு வணக்கம். விவாதம் நடந்தது சனிக்கிழமை. அது மாற்றியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை கணிப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. திங்கட்கிழமை கணிப்பிலும் தெரியவில்லை. நான் கேட்பது அதைத்தான்.

சாய்வுநாற்காலி
ஒரு சின்ன வேண்டுகோள். "கணிப்பு தோற்றது" என்றால் என்ன என்று முதலில் பேசி முடிவுசெய்வோமா? யார் ஜெயிப்பார் என்பதில் தோற்றதா, ஒவ்வொருவரின் சதவீதத்திலா? ஏனென்றால் கடைசி நாள் கணிப்புகளின் சராசரியில் ஒபாமா சுமார் 38, ஹிலரி 30. ஒபாமாவுக்குக் கிடைத்தது 36 சொச்சம். அவர் விஷயத்தில் கணிப்பு ஏறக்குறைய சரி. ஹிலரிக்குத்தான் 30 என்றது 39 ஆனது. முடிவெடுக்காதவர்களும் சின்ன வேட்பாளர்கள் பக்கம் இருந்த சிலரும் ஒரே திசையில் சாய்ந்திருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் இருவருமே…

பனங்காட்டான்
பார்த்தீர்களா, அவரே சொல்லிவிட்டார். கடைசி நேரத்தில் சாய்ந்தார்கள். நான் சொன்னதும் அதுதான்.

கணக்குப்பிள்ளை
பார்த்தீர்களா, அவரே சொல்லிவிட்டார். ஹிலரியின் எண்ணில் 9 புள்ளி தப்பு. நான் சொன்னதும் அதுதான்.

பெட்டிக்கடை
யாரும் எண்ணுகிற இயந்திரத்தைப் பற்றிப் பேச மாட்டீர்களே. கையால் எண்ணிய சின்ன ஊர்களில் ஒபாமா நன்றாக வாங்கினார். இயந்திரம் எண்ணிய ஊர்களில் ஹிலரி. கணிப்பு சரி, எண்ணிக்கைதான் தப்பு. யோசியுங்கள்.

மின்மினி
யோசித்தாயிற்று. இன்னொரு வேட்பாளர் குசினிச் மறுஎண்ணிக்கை கேட்டார். எண்ணிப் பார்த்தார்கள். சொல்லும்படி எதுவும் மாறவில்லை. கையால் எண்ணுவது கிராமம், இயந்திரம் இருப்பது மான்செஸ்டர், நாஷுவா மாதிரி ஊர்கள். தொழிற்சங்கத்துக்காரர்கள், கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம், ஹிலரிக்குப் பலமான இடம். இதில் மர்மம் எங்கே இருக்கிறது?

பெட்டிக்கடை
எல்லா ஊரையும் எண்ணவில்லையே.

கணக்குப்பிள்ளை
பெட்டிக்கடை, இயந்திரத்துக்குத் தனிக் கடை போடுங்கள். இங்கே திங்கட்கிழமை ஓடிக்கொண்டிருக்கிறது.

பனங்காட்டானுக்கு இன்னொன்று. அதே மாநிலம், அதே நாட்கள், பெரும்பாலும் அதே நிறுவனங்கள் குடியரசுக் கட்சி பக்கமும் கேட்டன. சராசரியில் மெக்கெய்ன் சில புள்ளியில் ஜெயிப்பார் என்றார்கள். மெக்கெய்ன் 37, ராம்னி 32. கச்சிதம். ஒரு பக்கம் பொருந்தி இன்னொரு பக்கம் பொருந்தவில்லை என்றால், ஜனநாயகக் கட்சி பக்கம் யாரை விட்டுவிட்டார்கள் என்று கேட்க வேண்டும். அமெரிக்கக் கருத்தாய்வாளர் சங்கம் குழு போட்டு 2009இல் அறிக்கையே வெளியிட்டது. ஹிலரி ஆதரவாளர்கள் முதல் அழைப்பில் அவ்வளவாகக் கிடைக்கவில்லை, திரும்பத் திரும்பக் கூப்பிட்டால்தான் கிடைத்தார்கள். இரண்டு மூன்று நாளில் அவசரமாக எடுத்தால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள். குழுவுக்குத் தகவல் கேட்டபோது சில நிறுவனங்கள் இழுத்தடித்தன. தர மறுத்த ஒன்றைச் சங்கம் பகிரங்கமாகக் கண்டித்தது. இதற்குப் பெயர் கண்ணீரா?

பனங்காட்டான்
மெக்கெய்ன் அழவில்லை ஐயா. அதனால் அங்கே பொருந்தியது. என் வாதத்துக்கு நீங்களே சாட்சி கொண்டுவருகிறீர்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அயோவா முடிவு ஜனவரி 3. இடையில் ஐந்தே நாள். சில கணிப்புகள் சீக்கிரமே முடிந்துவிட்டதால் கடைசி நேர மாற்றம் தவறிப் போயிருக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை
"சில". அவர்கள் எழுதியது சில. நீங்கள் எழுதியது எல்லாம்.

நாஷுவாக்காரன்
வாக்குச்சீட்டை மறந்துவிட்டீர்கள். அந்த வருடம் பெயர் வரிசைக்கு ஓர் எழுத்தைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். இசட் வந்தது. இசட்டுக்குப் பிறகு ஏ, பி என்று வரிசை போனதால் பைடன் முதலில், ஹிலரி கிளின்டன் மேலே, ஒபாமா அடியில் எங்கேயோ. மொத்தம் 21 பெயர். முன்பெல்லாம் வட்டாரத்துக்கு வட்டாரம் வரிசையை மாற்றி அச்சடிப்பார்கள், அந்தத் தடவை மாநிலம் முழுக்க ஒரே வரிசை. ஸ்டான்போர்டு பேராசிரியர் குரோஸ்னிக் இதனாலேயே ஹிலரிக்குச் சில புள்ளிகள் கூடியிருக்கும் என்று எழுதினார். அப்போது எங்கள் வீட்டு போன் ஓயாமல் அடிக்கும். சாப்பாட்டு நேரத்தில்தான் சரியாகக் கூப்பிடுவார்கள். யாருக்குப் போடுவீர்கள், எவ்வளவு உறுதி என்று.

பெட்டிக்கடை
ஹெச்1பி வேலை விசாவில் இருந்ததாகப் போன மாதம் எழுதினீர்கள். ஓட்டே இல்லாதவருக்கு எதற்கு போன்?

நாஷுவாக்காரன்
எண் வீட்டு உரிமையாளர் பெயரில் இருந்தது. எடுத்தேன், ஓட்டு இல்லை என்றேன், வைத்துவிட்டார்கள். இதற்கும் சந்தேகமா?

பெட்டிக்கடை
சும்மா கேட்டேன்.

மின்மினி
பிராட்லி விளைவு என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 1982இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் டாம் பிராட்லி கணிப்பில் முன்னால் இருந்து தோற்றார். வெள்ளையர்கள் கணிப்பில் ஒன்று சொல்லிப் பெட்டியில் வேறு போட்டார்கள் என்பார்கள். இங்கே அது ஓடாது. ஒபாமாவின் எண் பெரிதாகக் குறையவில்லை என்று சாய்வுநாற்காலி மேலேயே காட்டிவிட்டார், யாரும் படிக்கவில்லை.

சாய்வுநாற்காலி
நன்றி. நான் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே…

பனங்காட்டான்
கணக்குப்பிள்ளை ஐயாவின் கணக்கு எங்களுக்குத் தெரியாததா? 2016இல் அயோவாவின் டெமாய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகைக்கு ஆன் செல்ஸர் எடுத்த கணிப்பைப் பற்றி என்ன எழுதினார்? "டெமாய்ன் ரெஜிஸ்டரின் கடைசிக் கணிப்பு வந்துவிட்டது, டிரம்ப் 28, குரூஸ் 23, ஆன் செல்ஸர் சொன்னால் சொன்னதுதான், இழையை மூடிவிடலாம்." முடிவில் குரூஸ் 28, டிரம்ப் 24. இழை மூடவில்லை, ஐயாதான் ஒரு வாரம் காணவில்லை.

கணக்குப்பிள்ளை
ஊருக்குப் போயிருந்தேன். அதை அப்போதே சொன்னேன்.

செல்ஸரைப் பற்றிப் பேச உங்களுக்குத் தகுதி வேண்டும். 2008இல் அயோவாவில் ஒபாமா 32, ஹிலரி 25, எட்வர்ட்ஸ் 24 என்று அவர் போட்டபோது ஹிலரி தரப்பும் எட்வர்ட்ஸ் தரப்பும் சிரித்தன. வருகிறவர்களில் பத்தில் ஆறு பேர் முதல்முறை காக்கஸுக்கு (கட்சிக்காரர்கள் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) வருகிறவர்கள் என்று அவர் கணித்ததைக் கிண்டலடித்தார்கள். நடந்தது என்ன? கிட்டத்தட்ட அப்படியே. ஒபாமா 38ஐ ஒட்டி வாங்கினார். அதே அம்மாவைப் பார்த்து…

பனங்காட்டான்
அதே அம்மா 2024இல் கமலா ஹாரிஸ் அயோவாவில் 3 புள்ளி முன்னால் என்றார். டிரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார். 2020 காக்கஸுக்குக் கடைசிக் கணிப்பை வெளியிடவே இல்லை. அழைப்பு மையத்தில் ஒருவர் திரையில் எழுத்தைப் பெரிதாக்க, வேட்பாளர் புட்டிஜெஜின் பெயர் பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டது!

கணக்குப்பிள்ளை
பெயர் விடுபட்டது என்று புகார் வந்த உடனே கணிப்பையே நிறுத்திவைத்தார்கள். அது நேர்மை. 13 புள்ளி என்று அச்சடித்துவிட்டு, தோற்ற பிறகு "எங்களிடம் 2 புள்ளிதான் இருந்தது" என்பது வேறு ரகம்.

இப்போதும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை போன் போட்டார்களா, இல்லையா?

பனங்காட்டான்
போட்டார்கள். யார் எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

கணக்குப்பிள்ளை
அது என் வாதம்! யார் போனை எடுத்தார்கள் என்பதை மேலே நான்தான் எழுதினேன்!

பனங்காட்டான்
நீங்கள் எழுதியது முதல் அழைப்பில் கிடைக்காதவர்களைப் பற்றி. நான் சொல்வது திங்கட்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்து போனை எடுக்காதவர்களைப் பற்றி. வேறு வேறு.

மின்மினி
இதில் இன்னொரு வேடிக்கை. இவ்வளவு சண்டையும் சுமார் 7,500 வாக்கு வித்தியாசத்துக்கு. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளில் ஹிலரிக்கு 9, ஒபாமாவுக்கும் 9.

நாஷுவாக்காரன்
எட்வர்ட்ஸுக்கு 4. அவரை யாருமே கணக்கில் எடுப்பதில்லை.

பெட்டிக்கடை
4 என்று யார் எண்ணியது?

கணக்குப்பிள்ளை
அயோவாவையும் எழுத்தளவையும் இழுத்துத் திசைதிருப்புவது பனங்காட்டானுக்குப் புதிதல்ல. செல்ஸரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தனி இழை திறங்கள், வருகிறேன். இங்கே வேண்டாம்.

பனங்காட்டான்
திறந்தாயிற்று. தலைப்பிலேயே உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன், தேடச் சிரமம் இருக்காது.