பழைய டாடா 407: கூடுதல் லைட்டுக்கு டைனமோ தாங்குமா?

மலைப்பாதை_407:
12 வோல்ட் வண்டி, டைனமோ பிளேட்டில் 45 ஆம்ப்னு இருக்கு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ராத்திரி காய்கறி லோடு. பனிமூட்டத்துக்காக முன் பம்பரில் 55 வாட் ஹாலஜன் நாலு போட்டிருக்கு. நாலையும் போட்டா ஹெட்லைட் மஞ்சளா மங்குது. கொண்டை ஊசியில ஆக்ஸிலேட்டர விட்டா இன்னும் மோசம். விடிகாலையில செல்ஃப் இழுக்கல. எலக்ட்ரீசியன் பெரிய பேட்டரி போடச் சொல்றார். அது போதுமா, டைனமோவையே மாத்தணுமா?

பதினாலு_வோல்ட்:
பெரிய பேட்டரி வேண்டாம்ங்க. பேட்டரி தண்ணித் தொட்டி மாதிரி, டைனமோ அதுக்கு இறைக்கிற மோட்டார் மாதிரி. மோட்டார் இறைக்கிறதுக்கு மேல செலவானா, எவ்வளவு பெரிய தொட்டியும் காலிதான். என்ன, கொஞ்சம் லேட்டா காலியாகும்.

கணக்கைப் பாருங்க. ஹெட்லைட் 110 வாட், பார்க்கிங்-டெயில்-மீட்டர் லைட் 50, வைப்பர் 60, கேபின் ஃபேனும் பாட்டும் 40, ஹாலஜன் நாலும் 220. மொத்தம் 480 வாட். 13.5ஆல வகுத்தா 35 ஆம்புக்கு மேல வருது.

45ல 35 போனா மிச்சம் இருக்கேன்னு தோணும். பிளேட்டில் இருக்கிறது டைனமோ சுமார் 6000 ஆர்பிஎம்ல சுத்தும்போது வர்ற கரண்ட். கிராங்க் புல்லி (இஞ்சின் பக்கத்துச் சக்கரம்) 150 மி.மீ., டைனமோ புல்லி 75 மி.மீ.னா விகிதம் 2. இஞ்சின் 1500ல ஓடினா டைனமோ 3000தான். சூடான டைனமோ அங்க 30 ஆம்ப் கொடுத்தாலே பெரிசு. ஐடிலிங்ல 10 ஆம்ப் வர்றதே கஷ்டம். வளைவுல மங்குறது இதனாலதான்.

மல்டிமீட்டர் எடுத்து, இஞ்சின் 1500ல, எல்லா லைட்டும் போட்டு மூணு இடம் அளந்து சொல்லுங்க: பேட்டரி இரண்டு முனைக்கும் நடுவுல, டைனமோ பி பிளஸ்ஸுக்கும் (கரண்ட் வெளிய வர்ற முனை) பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவுல, டைனமோ பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல. கடைசி இரண்டும் 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். பனிலைட்ட மட்டும் அணைச்சிட்டு பி பிளஸ்ல ஒரு ரீடிங்கும் வேணும்.

காட்ரோடு:
டைனமோ மாத்துற யோசனை இருந்தா ஒண்ணு சொல்லிடறேன், தயவுசெஞ்சு அலட்சியம் பண்ணாதீங்க. பின்பக்கம் வாக்குவம் பம்ப் ஒட்டியிருக்கான்னு பாருங்க. ஆயில் பைப்பும் தடிமனான ரப்பர் ஹோஸும் போகும். பிரேக் மிதியை லேசாக்குற பூஸ்டருக்குக் காத்தை உறிஞ்சுறது அந்த பம்ப்தான். ஆம்ப் கூட இருக்கேன்னு பம்ப் இல்லாத கார் டைனமோவை மாட்டினா, இறக்கத்துல பிரேக் கல்லு மாதிரி ஆயிடும். பம்ப்போட வர்றதா பார்த்து வாங்குங்க. பழைய பம்ப் சீல் கசிஞ்சு ஆயில் உள்ள இறங்கினா கார்பன் பிரஷ்ஷும் கெட்டுப் போகும்.

இன்னொண்ணு பெல்ட். 90 ஆம்ப் டைனமோ முழு லோடுல கிட்டத்தட்ட 3 குதிரைசக்தி இழுக்கும். ஒத்தை வி பெல்ட் அதுக்கு வழுக்கும். பக்கவாட்டுல கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறியிருந்தா வழுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். நடுவுல கட்டைவிரலால அழுத்தினா 10-12 மி.மீ. உள்ள போகணும், அதுக்கு மேல வேண்டாம். டேஷ்போர்டு சார்ஜ் பல்பையும் கழட்டிடாதீங்க. டைனமோ வேலையைத் தொடங்கத் தேவையான ஆரம்பக் கரண்ட் அது வழியாத்தான் போகுது. பல்ப் இல்லேன்னா இஞ்சினை உயரமா ரேஸ் பண்ற வரைக்கும் சார்ஜே ஏறாது.

மலைப்பாதை_407:
அளந்தாச்சு. பேட்டரியில 12.9. பி பிளஸ்-பேட்டரி நடுவுல 0.7. எர்த் பக்கம் 0.1. பி பிளஸ்ல 13.6, பனிலைட் அணைச்சா 14.2. வாக்குவம் பம்ப் இருக்கு.

பதினாலு_வோல்ட்:
அப்போ இரண்டு கோளாறு.

ஒண்ணு, 0.7 வோல்ட் ஒயர்லயே போகுது. பி பிளஸ்ஸிலிருந்து பேட்டரி வரைக்கும் 16 ச.மி.மீ. செம்பு ஒயர் போடுங்க, லக்கை (ஒயர் முனையில மாட்டுற வளையம்) நசுக்கி கிரிம்ப் பண்ணுங்க, பச்சை பிடிச்ச முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. வேலைக்கு முன்னாடி பேட்டரி மைனஸைக் கழட்டிடுங்க.

இரண்டாவது, 14.2 இருந்தது 13.6க்கு இறங்குதுன்னா டைனமோ தன்னால முடிஞ்சதை மொத்தமா கொடுத்துட்டிருக்கு. ஒயரை மட்டும் மாத்தி இது தீராது. ஹாலஜன் நாலையும் எடுத்துட்டு 20 வாட் எல்இடி லைட் நாலு போட்டா 220 வாட் 80 ஆகும், 10 ஆம்ப் மிச்சம். டைனமோவைத் தொடவே வேண்டாம். முழு லைட்டா வாங்குங்க. ஹாலஜன் கூட்டுக்குள்ள எல்இடி பல்ப் செருகினா வெளிச்சம் சிதறி பனியில வெள்ளைச் சுவர் மாதிரி உங்க கண்ணுக்கே திரும்பி வரும். அகலமா விரியிற மஞ்சள் லைட், பம்பருக்குக் கீழ, தலை சாய்ச்சு.

ஹெட்லைட்டுக்கு ரிலே (சின்னக் கரண்ட்டால பெரிய கரண்ட்ட போட்டு அணைக்கிற சுவிட்ச்) இல்லேன்னா அதையும் முடிச்சிடுங்க. லோ பீமுக்கு ஒண்ணு, ஹை பீமுக்கு ஒண்ணு. ரிலே 30ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து 15 ஆம்ப் ஃபியூஸ் வழியா 2.5 ச.மி.மீ. ஒயர், 87 ஹெட்லைட்டுக்கு, 86 பழைய சுவிட்ச் ஒயர், 85 எர்த். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கட்டும். ஹாலஜன் பல்ப்புக்கு 13.5 வோல்ட் 12 ஆகக் குறைஞ்சாலே வெளிச்சத்துல மூணுல ஒரு பங்கு போயிடும்.

காட்ரோடு:
100 வாட் பல்ப் போடலாம்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க. பல்ப் ஹோல்டர் உருகி, ரிஃப்ளெக்டர் கருத்துப் போகும். எல்லாம் முடிச்சதும் ஐடிலிங்ல எல்லா லைட்டும் போட்டு பேட்டரியை ஒருதரம் அளங்க. அப்பவும் 12.6க்குக் கீழ இறங்கத்தான் செய்யும். வண்டி நிக்கும்போது பனிலைட்ட அணைச்சிடுங்க.