சுக்கான் பிடித்த கையும் கப்பல் இங்கிலீஷும்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

சிலாவத்தைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவு, சிலாவத்தை. இப்போது ஒரு சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் கரையோரப் பெடியள் இரண்டு பேராவது வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணா, எங்களுக்கு இங்கிலீஷ் ஓடாது. கப்பலுக்குப் போகலாமோ?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். கடலோடு சம்பந்தப்பட்டவர்கள் கீழே உங்கள் அனுபவத்தையும் சேருங்கள்.

பதின்மூன்று வயதிலிருந்து அப்பாவின் ஃபைபர் போட்டில் பின்னுக்கு இருந்து எஞ்சின் பிடித்தவன் நான். அந்தக் கைபிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். யோசித்துச் செய்யும் வேலையில்லை, அது கைக்கே தெரியும்.

கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, ஏறிய முதல் கப்பலில் ஒரு பகல், நடுக்கடலில், சுற்றிலும் ஒரு கப்பலும் இல்லாத நேரம் பார்த்து தலைமை அதிகாரி என்னைச் சக்கரத்தில் நிறுத்திப் பழக்கினார். "போர்ட் டென்" என்றார். சுக்கானை இடப்பக்கம் பத்துப் பாகை வை என்று அர்த்தம். நானும் சத்தமாக "போர்ட் டென்" என்று திருப்பிச் சொன்னேன். வாய் சரியாகத்தான் சொன்னது. கை சக்கரத்தை வலப்பக்கம் சுற்றியது.

அவர் கத்தவில்லை. கட்டளையைச் சொன்ன அந்த நொடியிலேயே அவருடைய கண் மேலே போயிருந்தது. சுக்கான் எந்தப் பக்கம் எத்தனை பாகை நிற்கிறது என்று காட்டும் மானி அங்கே இருக்கிறது. முள் பச்சைப் பக்கம், அதாவது வலப்பக்கம், நகரத் தொடங்கியதும் "மிட்ஷிப்ஸ்" என்றார். சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தேன். மறுபடி "போர்ட் டென்" என்றார். இந்த முறை கையைப் பார்த்துக்கொண்டே சுற்றினேன். காவல், அதாவது கப்பலை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் முறை, முடிந்த பிறகுதான் கேட்டார்: "இதுக்கு முதல் என்ன படகு ஓட்டினாய்?"

சொன்னேன். அதன்பின் அவர் சொன்ன விசயம் எனக்கு இன்றுவரை பெரிய ஆறுதல். அந்தக் காலத்தில் கப்பல்களிலும் கட்டளை அப்படித்தான் இருந்ததாம். சுக்கான் கைபிடி போகவேண்டிய பக்கத்தைத்தான் சொல்வார்கள், கப்பல் எதிர்ப்பக்கம் திரும்பும். 1912இல் டைட்டானிக்கில் பனிப்பாறையைக் கண்டதும் கொடுத்த கட்டளை 'ஹார்ட் எ ஸ்டார்போர்ட்'. ஸ்டார்போர்ட் என்றால் வலப்பக்கம். கப்பல் திரும்பியது இடப்பக்கம். அது பிழையல்ல, அன்றைய முறை. பிரித்தானியக் கப்பல்களில் 1933இலிருந்துதான் கப்பலின் முகம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கத்தையே சொல்வது என்று மாறியது. ஆக, என் கை பிழையாகப் பழகவில்லை. பழைய முறையில் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கப்பல் இங்கிலீஷ் என்பது இதுதான். சொல்பவர் ஒரு சொல்லைச் சொல்கிறார், கேட்பவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்கிறார், செய்கிறார், சொன்னவர் அது நடந்ததா என்று கண்ணால் பார்க்கிறார். இந்த வட்டம் எங்கேயாவது அறுந்தால் எவ்வளவு நல்ல இங்கிலீஷ் கதைத்தும் பயனில்லை.

சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் இதற்கென்றே ஒரு வாக்கியத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. எஸ்.எம்.சி.பி. என்போம். 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் காவல் பார்க்கும் அதிகாரிக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூட இங்கிலீஷுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு உதாரணம். 'மே ஐ என்டர்' என்று கேட்பது வகுப்பறையில் மரியாதை. கப்பலில் 'மே' என்ற சொல்லையே தவிர்க்கச் சொல்கிறார்கள். அது அனுமதி கேட்பதா, நடக்கக்கூடும் என்பதா என்று எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு விளங்காமல் போகலாம். அதனால் முதலில் 'குவெஸ்சன்' என்று சொல்லிவிட்டு, 'எனக்கு உள்ளே வர அனுமதி இருக்கிறதா' என்று நேராகக் கேட்கவேண்டும். கேள்வி, பதில், எச்சரிக்கை, தகவல், ஆலோசனை, அறிவுறுத்தல், வேண்டுகோள், என் எண்ணம் இது என்று எட்டு முன்சொற்கள் இருக்கின்றன. வசனத்தின் இலக்கணம் கொஞ்சம் ஆடினாலும் முன்சொல் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இலக்கமும் அப்படித்தான். 150 பாகை போ என்றால் 'ஒன் ஃபைவ் ஸீரோ' என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். சுக்கான் கோணத்துக்கு மட்டும் 'ஃபிஃப்டீன்' என்று சேர்த்தே சொல்லலாம். எனக்கு விளங்கிய காரணம், சுக்கான் வழக்கமாக 35 பாகைக்கு மேல் போகாது, அதனால் 'ஃபிஃப்டி'யோடு குழம்ப வழியில்லை. இங்கிலீஷ்காரரே இப்படிக் குழம்பித்தான் சொல்லை மாற்றினார்கள். இடப்பக்கத்துக்கு முன்பு 'லார்போர்ட்' என்ற சொல்தான் இருந்தது. காற்றிலும் அலையிலும் அது 'ஸ்டார்போர்ட்' போலவே கேட்கும். 1844இல் பிரித்தானியக் கடற்படை அதை விட்டுவிட்டு 'போர்ட்' என்று ஆக்கியது.

சரி, மற்றவர்கள் எழுதுங்கள்.

மாங்குளம் பெடியன்

நான் கடலே இல்லாத ஊர்க்காரன். பன்னிரண்டு வயதுவரை நான் கண்ட பெரிய தண்ணீர் வவுனிக்குளம்தான். கப்பலில் மூன்றாம் அதிகாரியாகச் சேர்ந்த முதல் மாதங்களில் நடந்தது.

ஒரு துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்தோம். வி.எச்.எஃப். ரேடியோவில் துறைமுகக் கட்டுப்பாட்டிலிருந்து பைலட் (கப்பலுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்குள் கொண்டுபோகிறவர்) வரும் நேரமும், பைலட் ஏணி எந்தப் பக்கம் இறக்கவேண்டும் என்பதும் சொன்னார்கள். இரைச்சல். நேரம் தெளிவாகக் கேட்டது. பக்கம் சரியாகக் கேட்கவில்லை. 'ஸ்டார்போர்ட்' மாதிரி இருந்தது. நான் 'ஓகே, தேங்க்யூ' என்றேன்.

பைலட் படகு வந்தது இடப்பக்கம். ஏணி தொங்கியது வலப்பக்கம். வலப்பக்கம்தான் காற்றும் அலையும் அடித்துக்கொண்டிருந்தது. காற்று மறைவில்தான் ஏணி இருக்கவேண்டும் என்பது கேட்காமலே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு மாலுமிகள் ஆடும் தளத்தில் ஏணியைக் கழற்றி இழுத்துப்போய் மறுபக்கம் கட்டினார்கள். ஒருவருக்கு விரல் நசுங்கியது. அந்த விரலை நான் மறக்கவில்லை.

'ஸே அகெய்ன்' என்ற இரண்டு சொல் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் வகுப்பில் சேரிடம் இரண்டாம் முறை கேட்டால் 'என்ன, காது கேக்காதோ' என்று வரும். பெரியவர் சொன்னதைத் திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு என்று ஊறிப்போயிருந்தது. கப்டன் அன்று இரவு கூப்பிட்டுச் சொன்னார்: விளங்காவிட்டால் கேள், விளங்கினாலும் கேட்டதைத் திருப்பிச் சொல். அன்றிலிருந்து 'போர்ட் சைட், ஒரு மீட்டர் தண்ணீருக்கு மேல்' என்று முழுவதையும் திருப்பிச் சொல்லாமல் நான் ரேடியோவை வைப்பதில்லை.

பிறகு பயிற்சியில் கொஸ்கோ பூசான் கப்பலைப் பற்றிப் படித்தோம். 2007 நவம்பர் 7, சான் பிரான்சிஸ்கோ, கடும் மூடுபனி. மின்னணு வரைபடத்தில் இருந்த சிவப்பு முக்கோணங்கள் என்ன என்று பைலட் கேட்கிறார். பாலத்தின் நடு என்று பதில் கிடைக்கிறது. உண்மையில் அவை பாலத்தின் தூண் இருக்கும் இடத்தைக் காட்டும் மிதவைகள். இருவரில் ஒருவரும் மேலே கேட்கவில்லை. கப்பல் பாலத்தின் தூணில் இடித்து சுமார் 2 இலட்சம் லீற்றர் எண்ணெய் குடாவில் கொட்டியது. அதைப் படித்தபோது என் 'ஓகே, தேங்க்யூ'தான் காதில் கேட்டது.

கள்ளப்பாட்டு மீனவன்

தம்பிமார், நான் கப்பல்காரன் இல்லை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகள் தட்டித் தருகிறாள்.

ஒரு இரவு வலையை விட்டுவிட்டு அதோடு மிதந்துகொண்டிருந்தோம். நானும் மருமகனும். வடக்கேயிருந்து ஒரு கப்பல் வெளிச்சம். முதலில் வெள்ளை இரண்டு, ஒன்று மேலே ஒன்று கீழே. கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றன. கீழே கப்பலின் வலப்பக்கப் பச்சையும் இடப்பக்கச் சிவப்பும் ஒன்றாகத் தெரிந்தன. எங்கள் அப்பு சொல்லித்தந்த கணக்கு ஒன்று உண்டு: இருந்த இடத்தில் அசையாமல் இருந்து, படகின் ஒரு கம்போடு அந்த வெளிச்சத்தைச் சேர்த்துப் பார். வெளிச்சம் கம்பை விட்டு விலகினால் அது தன்பாட்டில் போகும். விலகாமல் பெருத்துக்கொண்டே வந்தால் உன்னிடம்தான் வருகிறது. அது விலகவில்லை.

வலை தண்ணீரில். வெட்டிவிட்டு ஓடினால் வீட்டில் சோறில்லை. டோர்ச்சை எடுத்து வலைப் பக்கமும் எங்கள் மேலும் மாறி மாறி அடித்தேன். மருமகன் வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்துவிட்டான். அந்த நேரம் கப்பல் ஒரு சின்ன ஊதல் ஊதியது. ஒன்றே ஒன்று. பச்சை மெல்ல மறைந்தது. சிவப்பு மட்டும் நின்றது. பிறகு அந்தப் பெரிய சுவர் எங்களைத் தள்ளிக் கடந்தது. அதன் அலையில் படகு ஆடி அடங்க வெகுநேரம் சென்றது.

சிலாவத்தைத் தம்பியிடம் இதைச் சொன்னபோதுதான் அந்த ஊதலின் அர்த்தம் தெரிந்தது. ஒரு சின்ன ஊதல் என்றால் 'நான் வலப்பக்கம் திரும்புகிறேன்'. இரண்டு என்றால் இடப்பக்கம். ஐந்து என்றால் 'நீ என்ன செய்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை'. அந்தக் கப்பலில் ஒருவன் விழித்திருந்து, எங்களைக் கண்டு, எங்களோடு கதைத்திருக்கிறான். கதைத்தது எங்களுக்குத் தெரியவில்லை. இதைக் கரையிலுள்ள எல்லாப் பெடியளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. கப்பலுக்குப் போகிறவனுக்கு மட்டுமில்லை.

கிளிநொச்சி ரீச்சர்

நான் உயர்தர வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். கடற்பயிற்சிக்குப் போன மாணவன் ஒருவன் ஒரு நாள் தொலைபேசியில் கேட்டான்: "ரீச்சர், 'ப்ரோட் அப்' என்றால் வளர்க்கப்பட்டது என்றுதானே படிப்பிச்சீங்கள்? இங்கே நங்கூரம் ப்ரோட் அப் என்கிறார்கள்." எனக்கும் தெரியாது. அவனே கேட்டறிந்து சொன்னான்: நங்கூரம் நிலத்தைப் பிடித்து, சங்கிலி கப்பலைத் தாங்கி நிற்கும் நிலை. அன்றிலிருந்து நான் அவனிடம் சொற்கள் சேர்த்துக்கொள்கிறேன். 'அண்டர்வே' என்றால் ஓடுவது என்று நினைத்திருந்தேன். நங்கூரமும் போடாமல், கரையிலும் கட்டாமல், தரையும் தட்டாமல் சும்மா மிதந்தாலும் அது அண்டர்வேதானாம். கட்டுமரம் எங்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளின் முகம் மலர்கிறது. மற்றச் சொற்களை அவர்கள் பயப்படாமல் தொடுகிறார்கள்.

முள்ளிவாய்க்கால்

எங்கள் கரையில் நின்ற ஃபாரா 3 கப்பலை இங்கே பலர் கண்டிருப்பீர்கள். ஜோர்தான் நாட்டுக் கப்பல், அரிசி ஏற்றி வந்தது. 2006 டிசம்பரில் இயந்திரம் பழுதாகி எங்கள் கரையில் ஒதுங்கித் தரைதட்டியது. போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோதும் அந்த இரும்புக்கூடு அங்கேயே நின்றது. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கப்பல் என்றால் என்ன என்று தெரியும்.

பல வருடம் கழித்து, பயிற்சி வகுப்பில் 'நாட் அண்டர் கமாண்ட்' என்ற சொல் வந்தது. கப்டன் இல்லாத கப்பல் என்று எழுதினேன். பிழை. ஏதோ அசாதாரணக் காரணத்தால் தன் வழியைத் தானே மாற்றமுடியாமல், மற்றக் கப்பலுக்கு விலகிக்கொடுக்க ஏலாமல் இருக்கும் கப்பல் அது. இரவில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்கு, பகலில் இரண்டு கறுப்பு உருண்டை. தரைதட்டினால் பகலில் மூன்று உருண்டை. ஆசிரியர் பலகையில் அந்த மூன்று உருண்டையை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தபோது எனக்கு எங்கள் கரைதான் தெரிந்தது. மற்றப் பிள்ளைகள் பாடமாக்கினார்கள். நான் பாடமாக்கத் தேவையிருக்கவில்லை.

சிலாவத்தைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. கள்ளப்பாட்டு அண்ணை, கம்போடு வெளிச்சத்தைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கைத்தான் நாங்கள் திசைகாட்டியில் பார்க்கிறோம். திசைப் பாகை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் ஆபத்து என்று 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளில் ஏழாவது விதி சொல்கிறது. உங்கள் அப்பு சொன்னதும் அதுவேதான்.

எங்கிருந்து தொடங்குவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். புத்தகத்தைக் கண்ணால் படித்தால் ரேடியோவுக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் இருவர் இருந்தால் போதும். ஒருவர் கட்டளை, மற்றவர் திருப்பிச் சொல்வது. படகிலேயே செய்யலாம்.

இன்று காலை தம்பியின் மகனோடு கடலுக்குப் போனேன். வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தோம். அவன் பின்னுக்கு எஞ்சின் பிடித்திருந்தான். நான் முன்பக்கம் அணியத்தில் இருந்து திரும்பிப் பார்க்காமலே "போர்ட் டென்" என்றேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலாக "போர்ட் டென், பெரியப்பா" என்று கேட்டது. பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கைபிடியை வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். படகின் முகம் இடப்பக்கம், எங்கள் வாடிகள் இருக்கும் கரையை நோக்கித் திரும்பியது.