ஜப்பான் நண்பர் ஆமை பொம்மையோடு வருகிறார், அம்மாவிடம் எப்படிச் சொல்ல?

பாளையங்கோட்டைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். 1995இலிருந்து மூன்று வருடம் ஜப்பானில் கவாசாகியில் ஒரு பட்டறையில் இருந்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சின்ன வயதில் கமேரா படத்தில் நடித்தவர். கமேரா என்றால் காட்ஸில்லா மாதிரிதான், ஆனால் ராட்சத ஆமை. கால்களை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, அந்த ஓட்டைகள் வழியாக நெருப்பைக் கக்கிச் சுழன்று பறக்கும். இவர் இருப்பது 1968இல் வந்த படத்தில், கணவாய் மீன் மாதிரியான விராஸோடு கமேரா சண்டை போடுமே, அதில். சாரணர் பையன்கள் இரண்டு பேர்தான் முக்கியம், ஒருவன் ஜப்பான், இன்னொருவன் அமெரிக்கன். இவர் அந்தச் சாரணர் கூட்டத்தில் ஒருவர், வசனம் கிடையாது.

அப்பா தவறின சேதி வந்த அன்று எனக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. கொள்ளி வைக்கக்கூட வர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், டீ போட்டுக் கொடுத்து, ஒன்றும் பேசாமல் அந்தப் படத்தின் வீடியோ கேசட்டைப் போட்டார். ஓர் இடத்தில் நிறுத்தி, கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பையன்மேல் விரலை வைத்து "நான்" என்றார். விடியும்வரை கூடவே இருந்தார். கிளம்பும்போது அந்தக் கேசட்டை எனக்கே கொடுத்துவிட்டார்.

இப்போது ஓய்வு பெற்று, அடுத்த மாதம் இங்கே வருகிறார். அம்மாவுக்காக ஒரு பெரிய கமேரா பொம்மை வாங்கி வைத்திருப்பதாகப் படம் அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்கு 81 வயது, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பதை வேதவாக்காக நம்புகிறவர். வேண்டாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? அம்மா மனதையும் நோகடிக்க முடியாது. இன்னொன்று, அந்தக் கேசட்டை அவரோடு சேர்ந்து பார்க்க ஆசை. எங்கள் வீட்டுப் பழைய டெக்கில் போட்டால் ஓடுமா?

தாமிரபரணிக்கரை:
அண்ணாச்சி, பொம்மையை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாரைக்கு ஆயிரம் வருடம், ஆமைக்குப் பத்தாயிரம் வருடம் என்பது அவர்கள் ஊர்ச் சொலவடை. அவர் உங்கள் அம்மாவுக்கு நீண்ட ஆயுளைத்தான் கொண்டுவருகிறார்.

1965இல் வந்த முதல் கமேரா படத்தின் கதையை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு சின்னப் பையன் ஆமை வளர்ப்பான், வீட்டில் அதை விட்டுவிட்டு வரச் சொல்லிவிடுவார்கள், அழுதுகொண்டே கொண்டுபோய் விடுவான். அப்புறம் கமேரா வந்து கலங்கரை விளக்கத்தை இடிக்கும். அதிலிருந்து இவன் விழும்போது அதே கமேரா கையை நீட்டிப் பிடித்துத் தரையில் இறக்கிவிடும். ஊரையே எரிக்கிற பிராணி அந்தப் பிள்ளையை மட்டும் நோகாமல் பிடிக்கும். பின்னால் வந்த படங்களில் பிள்ளைகளின் காவலாகவே ஆகிவிட்டது. அம்மா பெருமாள் பக்தை என்றால் கூர்மாவதாரத்தையும் சொல்லுங்கள், மந்தர மலையை முதுகில் தாங்கினது ஆமைதானே.

வீடியோ லைப்ரரி:
நான் பதினாறு வருடம் கேசட் கடை நடத்தினவன். ஜப்பான் கேசட் என்.டி.எஸ்.சி. (NTSC) என்கிற வீடியோ முறையில் பதிவானது, நம் ஊர்ப் பழைய டி.வி.யும் டெக்கும் பால் (PAL) என்கிற வேறு முறை. அதில் போட்டால் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், இல்லை படம் உருண்டுகொண்டே இருக்கும். இரண்டு முறையும் ஓடுகிற மல்டி சிஸ்டம் டெக் வேண்டும், வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வீட்டுப் பரணில் தேடினால் கிடைக்கும்.

அதற்கு முன்னால் கேசட்டின் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். நாடா ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி இருந்தால் பூஞ்சை. அதோடு ஓட்டினால் டெக்கில் நாடாவைப் படிக்கிற ஹெட்டும் போகும், நாடாவும் போகும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, முதல் ஓட்டத்திலேயே கணினியில் ஏற்றிவிடுங்கள். வேறு பிரதி வாங்கலாம்தான், ஆனால் அவர் அன்று விரல் வைத்துக் காட்டினது இந்தக் கேசட்டில் அல்லவா.

பத்தமடை மருமகள்:
அண்ணே, அவரை எங்கள் ஊருக்கும் கூட்டி வாருங்கள். ஜப்பான் வீட்டுத் தரையில் போடும் தத்தாமியின் மேல்பாகம் கோரை மாதிரி ஒரு புல்லால் நெய்தது, பத்தமடைப் பாயும் கோரைதான். நல்ல பாயைச் சுருட்டினால் கைக்குள் அடங்கிவிடும், துணி மாதிரி இருக்கும். அவர் தடவிப் பார்த்தாலே புரிந்துகொள்வார். ஆனால் வயது 66 இருக்குமே, தரையில்தான் உட்காரவேண்டும் என்று விடாதீர்கள், ஒரு நாற்காலியும் இருக்கட்டும். வீட்டுப் பிள்ளைகள் படத்தைப் பற்றிக் கேட்டால் கேட்கட்டும், தடுக்காதீர்கள்.

பாளையங்கோட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவிடம் கலங்கரை விளக்கக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு அடி ஒண்ணும் படலியே?" என்றுதான் முதலில் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அன்று ராத்திரி உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனா என்றார். ஆமாம் என்றேன். "சரி, பூஜை அறைப் பக்கம் வேண்டாம், தார்சாவில் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

கேசட்டைத் திறந்து பார்த்தேன், ஓரத்தில் லேசாக வெள்ளை தெரிகிறது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மல்டி சிஸ்டம் டெக் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.