ரிமோட் காரின் ரேஞ்சை எப்படிச் சோதிக்கிறீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. திறந்த வெளியில், இரண்டு பக்க ஆன்டெனாவும் நல்ல உயரத்தில் இருந்தால்தான் அந்தத் தூரம் கிடைக்கும். நம் கார் ஓடுவதோ தரையை ஒட்டி. நேராக வரும் அலையும் தரையில் பட்டு வரும் அலையும் ரிசீவரில் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்கின்றன. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சிக்னலின் வலு நாலில் ஒரு பங்காகும். தரையை ஒட்டி ஓடும்போது, ஓரளவு தூரம் தாண்டிவிட்டால் பதினாறில் ஒரு பங்காகிவிடும். கையில் தூக்கிப் பிடித்தால் சொன்னபடி கேட்கிற கார், அதே இடத்தில் கீழே வைத்ததும் திக்குவதற்குக் காரணம் இதுதான்.

அதனால் நண்பர் ஒருவரைக் காருடன் நடக்கச் சொல்வேன். அவர் அங்கங்கே நின்று, சக்கரம் தரையில் படாதபடி தாழ்வான கட்டை ஒன்றின் மேல் காரை வைப்பார். நான் ஸ்டியரிங்கை இடமும் வலமும் விடாமல் திருப்பிக்கொண்டிருப்பேன். திக்கினால் அவர் கையை உயர்த்துவார். அடுத்து காரை நாலு திசைக்கும் திருப்பி வைக்கச் சொல்வேன், ஏனென்றால் பேட்டரியும் மோட்டாரும் ரிசீவரை மறைக்கிற பக்கம் ஒன்று கட்டாயம் இருக்கும். கடைசியாக, டிரான்ஸ்மிட்டரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு காருக்கு முதுகு காட்டி நிற்பேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பு நன்றாகவே உறிஞ்சிவிடும். இத்தனையிலும் எது மோசமான தூரமோ அதைத்தான் என் காரின் ரேஞ்ச் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா உள்ளவர்கள் கவனிக்க: அதன் முனையைக் காரை நோக்கி நீட்டினால் சிக்னல் மிகவும் குறையும். ஆன்டெனாவின் பக்கவாட்டில்தான் வலு அதிகம்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

*

அண்ணா, நீங்கள் சொன்ன முறையில் என் கார் மைதானத்தின் மறுகோடி வரைக்கும் பாஸ். ஆனால் ஓட்டும்போது பத்தடி தூரத்திலேயே கன்ட்ரோல் போய்க்கொண்டிருந்தது. நின்ற இடத்திலிருந்து முழு த்ராட்டில் கொடுத்து, கூடவே ஸ்டியரிங்கையும் ஒடித்தால் ஒரு நொடி செத்துப் பிழைக்கும். டிரான்ஸ்மிட்டரை மாற்று என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

சக்கரத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டாரான சர்வோ முக்குகிற நேரத்தில் ரிசீவர் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. சிக்னல் பக்கத்தில் கோளாறே இல்லை. பெரிய சர்வோ இழுக்கும் கரண்ட்டைக் கொடுக்க ஈஎஸ்சிக்குள் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கும் பிஈசியால் (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் கொடுக்கும் பகுதி) முடியவில்லை. வோல்டேஜ் சரிந்ததும் ரிசீவர் அணைந்து, மறுபடி விழித்து, டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்கிறது. அதற்குள் கார் சுவரில்.

ரிசீவரில் காலியாக இருந்த ஒரு சேனல் இணைப்பில் கெபாசிட்டர் ஒன்று செருகிப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது. சர்வோவுக்குத் தனி பிஈசி கொடுத்த பிறகு அந்தத் தொல்லை வரவேயில்லை. பக்கத்திலேயே கன்ட்ரோல் போகிறது என்றால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். கட்டையின் மேல் வைத்துச் செய்யும் சோதனையில் சர்வோவுக்கும் மோட்டாருக்கும் சுமையே இருக்காது, இந்தக் கோளாறு அதில் தெரியவே தெரியாது.

*

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மோட்டார் நின்றிருக்கும்போது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை என்று ரேஞ்சைத் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் மோட்டாரின் இரைச்சல்தான் சிக்னலை அமுக்குகிறது. 27 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் இது எங்களைப் படாதபாடு படுத்தியது. பிரஷ் மோட்டாரில் 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் மூன்று பற்றவைக்காமல் யாரும் காரை வெளியே எடுக்க மாட்டோம்.

அன்றைக்கு ரேஞ்சைவிடப் பெரிய கவலை பக்கத்தில் இருப்பவர்தான். 27 மெகாஹெர்ட்ஸில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆறே சேனல். சேனலைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் எனக்கும் உங்களுக்கும் ஒரே நிறம் என்றால், நீங்கள் சுவிட்ச் போட்டதும் என் கார் கைவிட்டுப் போகும். கேட்டுவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். 2.4 வந்ததும், தானாகவே அலைவரிசை மாறி மாறிப் பேசிக்கொள்வதால், அந்தப் பயம் ஒழிந்தது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது பழையவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் ரிசீவர் ஒயரைக் கவனிக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். 2.4இல் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, அதாவது நுனியில் உறை நீங்கி இருக்கும் 3 சென்டிமீட்டர் சொச்சம்தான் உண்மையான ஆன்டெனா. மீதி வெறும் கேபிள். அந்த நுனி நைந்தாலும், கார்பன் ஃபைபர் தகட்டுக்கு அடியில் மடங்கிக் கிடந்தாலும் ரேஞ்ச் படுத்துவிடும். குழாய்க்குள் விட்டு நிமிர்த்தி வையுங்கள்.

*

இருவருக்கும் நன்றி. வோல்டேஜ் விஷயத்தை என் சோதனையிலும் சேர்த்துக்கொள்கிறேன்.

சிக்னல் போனால் காரைத் தானாக நிறுத்தும் ஃபெயில்சேஃப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. ரேஞ்சைவிட எனக்கு அதுதான் முக்கியம். எவ்வளவு நல்ல செட்டிலும் சிக்னல் ஒரு நாள் போகும், அப்போது கார் நிற்க வேண்டும். காரைக் கட்டையின் மேல் வைத்து, லேசாக த்ராட்டில் கொடுத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். சக்கரம் உடனே நிற்க வேண்டும். கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு சுற்றும் ரிசீவர்களும் உண்டு. அப்படி ஒன்றை ஆட்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.

நைட்ரோ கார் (எரிபொருள் எஞ்சினில் ஓடுவது) வைத்திருப்பவர்கள் ஃபெயில்சேஃபை பிரேக்கில் அமைத்தாலும் அதோடு விடக் கூடாது. ரிசீவர் பேட்டரியே தீர்ந்துபோனால் ஃபெயில்சேஃபும் சேர்ந்து செத்துவிடும். த்ராட்டிலைத் தானாக மூடும் ஸ்பிரிங் கார்புரேட்டரில் இருக்கட்டும். டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் மறுபடி ஜோடி சேர்த்தாலோ (பைண்ட்), த்ராட்டில் திசையை மாற்றினாலோ பழைய ஃபெயில்சேஃப் அமைப்பு செல்லாமல் போகலாம், முழு த்ராட்டிலாகவே ஆகிவிடவும் கூடும். இந்த இரண்டில் எதைச் செய்தாலும் மறுபடி கட்டையில் ஏற்றி அணைத்துப் பார்த்த பிறகே தரையில் இறக்குங்கள்.