ஏஎல்எஸ்: என்எஃப்எல் ஏறவில்லை, ஸ்கோர் மட்டும் இறங்குகிறது. எதை நம்புவது?

தசைநார்_பிசியோ (கேள்வி)

கால் பலவீனத்தில் தொடங்கிய ஏஎல்எஸ் (தசையை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் நோய்). ஆண், வயது 61, தொடங்கி 14 மாதம். ரிலுசோல் (நோயின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை) 50 மி.கி. இரு வேளை. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ரிப்போர்ட்:

என்எஃப்எல் (நியூரோஃபிலமென்ட் லைட், ரத்தத்தில் அளக்கும் நரம்புப் புரதம்) 62, இப்போது 58 பிகோகிராம்/மி.லி.
கிரியேட்டினின் 0.7, இப்போது 0.5
சிகே (தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் என்சைம்) 410, இப்போது 290
ஏஎல்எஸ்எஃப்ஆர்எஸ்-ஆர் (48-க்குப் போடும் செயல்திறன் ஸ்கோர், குறைந்தால் மோசம்) 42, இப்போது 36

என்எஃப்எல்லும் சிகேவும் இறங்கியதால் நோய் அடங்குகிறது, கிரியேட்டினின் குறைந்ததால் கிட்னியும் நன்றாக இருக்கிறது என்று வீட்டார் நினைக்கிறார்கள். ஸ்கோரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எதை வைத்துப் பேசுவது?

நரம்பிழை

ஸ்கோரை வைத்து.

நரம்பணுவின் நீண்ட இழைக்குள் முட்டுக்கொடுத்து நிற்கும் புரதம்தான் நியூரோஃபிலமென்ட். இழை சிதையும்போது அது முதுகுத்தண்டு நீரில் கலக்கிறது, அதில் சிறு பங்கு ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. அதனால் என்எஃப்எல் காட்டுவது இப்போது எந்த வேகத்தில் சிதைகிறது என்பதை. இதுவரை எவ்வளவு போயிற்று என்பதை அல்ல. பஸ்ஸின் வேக முள் 60-லேயே நிற்கிறது என்றால் பஸ் நின்றுவிட்டது என்றா அர்த்தம்? ஏஎல்எஸ்ஸில் அறிகுறி தோன்றும் காலத்தை ஒட்டி என்எஃப்எல் ஏறும், பிறகு பெரும்பாலானவர்களுக்கு ஏறக்குறைய அதே மட்டத்தில் ஓடும். அது ஏறாமல் இருப்பதே வழக்கம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் ரிப்போர்ட் 8-ஆம் மாதம்: 48-லிருந்து 42-ஐக் கழித்து 8-ஆல் வகுத்தால் மாதம் 0.75 புள்ளி. அதற்குப் பிந்தைய ஆறு மாதத்தில் 6 புள்ளி, அதாவது மாதம் 1. அதே வேகம், அல்லது கொஞ்சம் கூட. என்எஃப்எல் சொல்வதும் இதைத்தான், இரண்டுக்கும் முரணே இல்லை.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரையக் கரைய அது இறங்கும். 0.7 போய் 0.5 ஆனால் கிட்னிக்குப் பாராட்டு அல்ல, தொடைத் தசை போன கணக்கு. இதை வைத்து ஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் வேகம்) போட்டால் பொய்யாகக் கூடுதலாக வரும். கிட்னி வழியாக வெளியேறும் மருந்துக்கு டோஸ் முடிவு செய்ய வேண்டியிருந்தால் தசை அளவைப் பெரிதாகச் சாராத சிஸ்டாட்டின்-சி சோதனை கேளுங்கள். சிகே இறங்கியதற்கும் அதே விளக்கம் பொருந்தும்: கசிவதற்கு இருக்கும் தசையே குறைந்திருக்கிறது.

சிவப்புமூடி

லேப் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம். இரண்டு என்எஃப்எல்லும் ஒரே வகை டியூபில், ஒரே மெஷினில் எடுத்தவையா? ரிப்போர்ட்டின் அடியில் 'மாதிரி', 'முறை' என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள்.

தசைநார்_பிசியோ

பார்த்தேன். முதலாவது ஈடிடிஏ பிளாஸ்மா (ரத்தம் உறையாமல் ஊதா மூடி டியூபில் எடுத்தது), மெஷின் 'சிமோவா'. இரண்டாவது சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரித்தது), மெஷின் 'எல்லா'. லேபும் வேறு.

சிவப்புமூடி

அப்படியானால் 62, 58 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் எடுத்தாலும் சீரத்தில் எண் பிளாஸ்மாவைவிடக் கூடுதலாக வருவது வழக்கம். அதற்கு மேல் 'சிமோவா', 'எல்லா' இரண்டு மெஷின்களின் அளவுகோலும் ஒன்றல்ல. ஊதா மூடி டியூபில் தொடங்கினால் கடைசி வரை ஊதா மூடிதான், அதே லேப்தான். புரதம் என்னவோ உறுதியானது, ஒன்றிரண்டு முறை உறையவைத்து இளக்கினாலும் பெரிதாகக் கெடாது. கெடுப்பது இந்த டியூப் மாற்றமும் மெஷின் மாற்றமும்தான்.

ஒரே லேபில் எடுத்திருந்தாலும் 4 பிகோகிராம் வித்தியாசத்துக்கு அர்த்தம் கொடுத்திருக்க மாட்டேன். வயது ஏற என்எஃப்எல் ஏறும், கிட்னி மந்தமானால் ஏறும், உடல் எடை கூடியவருக்குக் குறைந்து தெரியும். தலையில் அடி, பக்கவாதம், புற நரம்பு பாதிப்பு எதுவானாலும் கூடும். எண்ணை மட்டும் பார்த்து ஏஎல்எஸ் என்று சொல்ல முடியாததும் இதனால்தான்.

சிகேவுக்கு இன்னொன்று: தசையில் ஊசி குத்தி இஎம்ஜி (தசையின் மின்சோதனை) எடுத்த கையோடு ரத்தம் எடுக்காதீர்கள். ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள்.

தசைநார்_பிசியோ

அப்போ மாதாமாதம் என்எஃப்எல் எடுப்பது வீணா? மருந்து வேலை செய்கிறதா என்று அதில் தெரியும் என்கிறார்களே.

நரம்பிழை

அந்தப் பேச்சு டோஃபெர்சென்னிலிருந்து வந்தது. எஸ்ஓடி1 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டுமான மருந்து, 100 மி.கி. முதுகுத்தண்டு நீரில் ஊசியாகப் போடுவது. 14 நாள் இடைவெளியில் மூன்று டோஸ், பிறகு 28 நாளுக்கு ஒன்று. அதைச் சோதித்த வேலர் ஆய்வில் 108 பேர். 28 வாரத்தில் ஸ்கோரில் புள்ளியியல்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பிளாஸ்மா என்எஃப்எல் மருந்து பெற்றவர்களுக்கு 55 சதவீதம் இறங்கியது, மற்றவர்களுக்கு 12 சதவீதம் ஏறியது. அந்த இறக்கத்தை வைத்துத்தான் 2023 ஏப்ரலில் அமெரிக்க எஃப்டிஏ விரைவு அனுமதி கொடுத்தது. மருந்தின் வேலை என்றால் பாதிக்குப் பாதி இறங்குகிற மாதிரி இருக்க வேண்டும், 62-லிருந்து 58 அல்ல.

உங்கள் நோயாளிக்கு எஸ்ஓடி1 சோதனை செய்திருக்கிறார்களா? இல்லையென்றால் அடுத்த என்எஃப்எல்லுக்கான காசை அதற்குப் போடுவேன்.

மூச்சுக்கணக்கு

எல்லோரும் என்எஃப்எல்லையே சுற்றுகிறீர்கள். படுக்கையருகில் உதவும் ரத்தச் சோதனைகள் விலை மலிவானவை.

பைகார்பனேட்: மூச்சிழுக்கும் தசையான உதரவிதானம் சோர்ந்து இரவில் கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் பைகார்பனேட் ஏறும், குளோரைடு இறங்கும். 28-ஐத் தாண்டிக்கொண்டே போனால், காலையில் தலைவலியும் பகலில் தூக்கமும் இருந்தால், எஃப்விசி (ஊதிக் காட்டும் மூச்சுக் கொள்ளளவு) பார்த்து பைபேப் (முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் மெஷின்) பற்றிப் பேசும் நேரம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 96 காட்டுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது ஆக்சிஜனைத்தான் அளக்கிறது, தேங்கிய கார்பன் டை ஆக்சைடு அதில் தெரியாது. பைபேப் இல்லாமல் வெறும் ஆக்சிஜன் மட்டும் வைத்தால் தேக்கம் இன்னும் கூடலாம்.

ட்ரோபோனின் (மாரடைப்பைக் கண்டுபிடிக்க எடுப்பது; டி, ஐ என இரண்டு வகை): ஏஎல்எஸ் உள்ளவர்களில் பலருக்கு ட்ரோபோனின்-டி நிரந்தரமாகவே கூடி இருக்கும். நெஞ்சு வலி என்று எமர்ஜென்சிக்குப் போனால் மாரடைப்பு என்று நினைக்க வைத்துவிடும். ட்ரோபோனின்-ஐ பொதுவாக இயல்பாக இருக்கும், அதைக் கேளுங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய ட்ரோபோனின்-டி அளவு ஒன்று ஃபைலில் இருந்தால் அந்த ராத்திரி டாக்டருக்குப் பெரிய உதவி.

ரிலுசோல் தொடங்கினால் முதல் 3 மாதம் மாதம் ஒரு முறையும், பிறகு அந்த ஆண்டு முடிய 3 மாதத்துக்கு ஒரு முறையும் ஏஎல்டி என்ற ஈரல் என்சைம் சோதனை. இதில் ஒரு சிக்கல்: ஏஎஸ்டி என்ற இன்னொரு ஈரல் என்சைம் தசையிலும் உண்டு, ஏஎல்டியும் கொஞ்சம் உண்டு. சிகே கூடியவருக்கு இவை லேசாகக் கூடினால் ஈரல் என்று அவசரப்பட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஜிஜிடி என்ற ஈரல் என்சைம் தசையில் இல்லை, அது இயல்பாக இருந்தால் தசையைச் சந்தேகிக்கலாம்.

தசைநார்_பிசியோ

ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்தேன். பைகார்பனேட் 26, இப்போது 29. யாரும் கவனிக்கவில்லை. எஃப்விசி கடைசியாக எடுத்து ஐந்து மாதம் ஆகிறது.

மூச்சுக்கணக்கு

இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து ஒரு முறை, மல்லாந்து படுத்து ஒரு முறை. படுக்கும்போது அளவு நன்றாகக் குறைந்தால் உதரவிதானம்தான்.